வாஷ் பாட்டிலுக்குள் கடல்

முதலில் என் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நான் கனவு காண்பேன். தூக்கத்தில் இல்லை. கிளாஸ் எடுக்கும்போது, பேப்பர் திருத்தும்போது, ஸ்டாஃப் மீட்டிங்கில் ஹெச்.எம். சிஸ்டர் முக்கியமாக ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது. ஏதாவது ஓர் அணுவைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே கிளம்பிவிடுவேன். விரலில் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளில் உள்ள கால்சியம் எந்தக் காலத்துக் கடலில் கிடந்ததோ என்று யோசிக்க ஆரம்பித்தால், பெல் அடித்தபிறகுதான் திரும்பி வருவேன். பிள்ளைகளுக்கு இது தெரியும். "ரெஜினா மிஸ் வெளியூர் போயிட்டாங்க" என்று பின் பெஞ்சில் கிசுகிசுப்பார்கள். காதில் விழும். கோபம் வராது, உண்மைதானே.

நீங்கள் மூன்று பேரும் நம் பள்ளியில் கெமிஸ்ட்ரிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். போன வாரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்து, "லேபைப் பத்தி நாங்க என்ன தெரிஞ்சுக்கணும் மிஸ்?" என்று கேட்டீர்கள். எந்த அலமாரியின் பூட்டு மக்கர் பண்ணும், எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்றெல்லாம் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் லிஃப்டில் இறங்கும்போதே மனசு உறுத்தியது. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் நிஜம். எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

லேபின் கிழக்கு ஜன்னல் உங்களுக்குத் தெரியும். நின்று பார்த்தால் மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர் டாங்குகளுக்கும் அப்பால் ஒரு கோடு கடல் தெரியும். காலை எட்டு மணி வெயில் அந்த ஜன்னல் வழியாக ரீஏஜெண்ட் பாட்டில்களுக்குள் புகுந்து, காப்பர் சல்பேட்டின் நீலத்தையும் டைகுரோமேட்டின் ஆரஞ்சையும் எதிர்ச் சுவரில் கொண்டுபோய்ப் போடும். சுவரில் அந்த நிறங்கள் நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் லேபில் தனியாக இருக்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் வருகிறது.

எனக்கு முன்னால் லேபைப் பார்த்துக்கொண்ட சீனியர் மிஸ் ஒருவர், செய்முறைத் தேர்வு நாளன்று காலையில் ஒரு காரியம் செய்வார். சுத்தமான டெஸ்ட் டியூபில், உப்பைக் கரைக்க வைத்திருக்கும் வாஷ் பாட்டிலிலிருந்து டிஸ்டில்டு தண்ணீரைக் கொஞ்சம் பிடிப்பார். நாலு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். கொட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். புதிதாக வந்த நான், ஏதோ ஜெபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபம் இல்லை. சில்வர் நைட்ரேட் கரைசலில் வெள்ளியும் நைட்ரேட்டும் அதது தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். அங்கே குளோரைடு வந்தால் வெள்ளி அதைப் பிடித்துக்கொள்ளும், பிடித்த பிடியை விடாது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் கரைய முடியாது. வெள்ளை வெளேரென்று திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு என்று நம் பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்களே, அதுதான். உப்பில் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் செய்கிறோம். ஆனால் உப்பைக் கரைக்கிற தண்ணீரிலேயே குளோரைடு இருந்துவிட்டால்? எந்த உப்பைக் கொடுத்தாலும் குளோரைடு என்றுதான் காட்டும். அதனால்தான் சீனியர் மிஸ் முதலில் தண்ணீரை விசாரித்தார். அவர் போனபிறகு நானும் வருஷா வருஷம் செய்தேன். ஒரு தடவைகூடத் தண்ணீர் தப்பாக இருந்ததில்லை. அதனாலேயே மெல்ல மெல்ல விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ரிசல்ட் ரிசல்ட் என்று எல்லோரும் கழுத்தைப் பிடித்தபோது, நான் பிள்ளைகளுக்குக் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தேன். உப்பின் நிறத்தைப் பார், சூடாக்கிப் பார், அமிலம் விட்டுப் பார், மூன்றே சோதனையில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். மீதியை நோட்டில் இருக்கிறபடி எழுதிவிடு. எங்கே "வீழ்படிவு" எழுத வேண்டும், எங்கே "குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை" எழுத வேண்டும் என்பது மனப்பாடம். விடையிலிருந்து சோதனைக்குப் போகிற அந்த வித்தையை நான்தான் கற்றுக்கொடுத்தேன். நம் பள்ளி மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். நீங்களும் சொல்லிக்கொள்வீர்கள்.

பவித்ரா என்று ஒரு பெண். தமிழ் மீடியம் செக்‌ஷன். அபிராமபுரத்தில் ஒரு சந்துக்குள் வீடு, அம்மா பிளவுஸ் தைப்பார். மெதுவான பெண். மற்றவர்கள் மூன்று சோதனை முடிப்பதற்குள் இவள் ஒன்றைத்தான் முடித்திருப்பாள். டெஸ்ட் டியூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளென்றால் நின்றாள்தான். "என்னடி, அதுக்குள்ள படமா ஓடுது?" என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். பண்ணியிருக்கக் கூடாது. வெளியூர் போகிற இன்னொருத்தியை அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறேன் பாருங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளாகவே சொன்னாள்.

"மிஸ், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கெடைக்கலேன்னா அத்தை ஒரு கம்பெனில பேசி வச்சிருக்காங்க. தாம்பரத்துக்கு அந்தாண்ட. பேக்கிங் வேலை. அம்மாவும் சரின்னுட்டாங்க."

"கெடைக்கும்டி. ஏன் கெடைக்காது?"

"நடந்து போற தூரத்துல அந்த ஒரு காலேஜ்தான் மிஸ். போன வருஷம் கட் ஆஃப் ரொம்ப மேல இருந்துச்சு."

கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செய்முறையில் எல்லோரும் முழு மார்க் வாங்குவது வழக்கம். அதில் நாலைந்து போனால் வேறெங்கும் பிடிக்க முடியாது. அந்தக் காலேஜ் இல்லையென்றால் பேக்கிங்தான்.

தேர்வு நாள். நான் ரிடையராக நாலு மாதம் இருந்தது. எட்டு மணிக்கெல்லாம் லேபில் இருந்தேன். டிஸ்டில்டு வாட்டர் காய்ச்சுகிற யூனிட்டில் ஹீட்டர் காயில் எரிந்துபோய் ரெண்டு நாள் ஆகியிருந்தது. இருக்கிற ஸ்டாக் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து சுவரில் நீலம் அப்படி விழுந்திருந்தது. அந்த நீலத்துக்குள் செம்பு இருக்கிறது, ஆனால் செம்பின் நிறம் இல்லை. சுற்றி நிற்கிற தண்ணீர் மூலக்கூறுகள் போய்விட்டால் நீலமும் போய்விடும், வெறும் வெள்ளைப் பொடி. யாரோடு இருக்கிறோமோ அதுதான் நம் நிறமா என்று போய்க்கொண்டிருந்தேன். இனி நாலு மாதம்தான் இந்தச் சுவர் என்ற நினைப்பும் கூடச் சேர்ந்துகொண்டது.

லேப் அட்டெண்டர் ஏழுமலை பின்னாலிருந்து ஏதோ கேட்டான். நொச்சிக்குப்பத்துச் சின்னப் பையனாகச் சேர்ந்தவன், இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். இன்னும் டெம்பரரிதான்.

"மிஸ், கேன்ல தண்ணி தீந்துபோச்சு. அஞ்சாறு வாஷ் பாட்டில்தான் ரொம்பிச்சு. மிச்சத்துக்குப் போர் தண்ணி புட்ச்சு ஊத்திறட்டா? பாத்தேன், கிளியராத்தான் கீது."

நான் சொன்னது ஒரு "ம்ம்."

அவ்வளவுதான். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்ன "ம்ம்." அவன் என்ன கேட்டான் என்பதே என் மண்டைக்குள் போகவில்லை. ஆனால் என் வாய் சொன்னது, அவன் கேட்டுக்கொண்டு போனான்.

எக்ஸ்டெர்னல் எக்ஸாமினராக வந்தவர் ரகுநாதன் சார், தி.நகர் பக்கம் ஒரு பள்ளியில் சீனியர். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "காபி அப்பறம், மொதல்ல வேலை" என்கிற ரகம். காலை பேட்ச்சில் இருபது பெண்கள். அதில் ஐந்து பேருக்குக் குளோரைடு உப்பு, மீதிப் பேருக்கு சல்பேட், நைட்ரேட், கார்பனேட் என்று கலந்து. பவித்ராவுக்கு மக்னீசியம் சல்பேட். எல்லாம் அமைதியாக நடந்தது. பர்னர்களின் சத்தம், கண்ணாடி கண்ணாடியோடு இடிக்கிற சத்தம். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டு இன்னும் பாதி வெளியூரில்தான் இருந்தேன்.

பேட்ச் முடிந்தது. பெண்களைக் காரிடாரில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்து ரூமில் சார் திருத்த ஆரம்பித்தார். அவர் திருத்துவது நம்மைப் போலத்தான். கடைசி வரியை விடைப் பட்டியலோடு ஒப்பிடுவார், சரியென்றால் மேலே ஓர் ஓட்டம். சரசரவென்று போய்க்கொண்டிருந்த பேனா ஒரு பேப்பரில் நின்றது.

"என்ன மிஸ் இது? ரெண்டு எதிர்மின் அயனி எழுதியிருக்காளே இந்தப் பொண்ணு. சல்பேட்டும்கிறா, குளோரைடும்கிறா. இருக்கறது ஒரே உப்பு."

பவித்ராவின் கையெழுத்து. தேர்வுக்குக் கொடுக்கிற எளிய உப்பில் ஒன்றுதான் இருக்கும், இரண்டு இருக்காது. இது எல்.கே.ஜி. மாதிரியான விஷயம். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"இப்படியே விட்டா அஞ்சு மார்க் போயிடும்" என்றார் சார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல பொண்ணா?"

"நல்ல பொண்ணு சார். காலேஜ் சீட்டே இதுலதான் இருக்கு."

"அப்போ கூப்பிட்டு அந்தக் குளோரைடை அடிச்சுடச் சொல்லுங்கோ. சல்பேட் சரியாத்தானே இருக்கு. ஃபுல் மார்க் போட்டுடறேன். நான் காபி குடிச்சுட்டு வரேன்."

நல்ல மனுஷர். நிஜமாகவே சொல்கிறேன், கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. நம் தொழிலில் இதற்குக் கருணை என்றுதான் பெயர். நானும் நன்றி சொல்லிவிட்டு, பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு காரிடாருக்கு ஓடினேன்.

பவித்ரா தூணோரம் தனியாக நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் வாதாடவில்லை. பேப்பரைச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"அடிச்சிடறேன் மிஸ்."

"சீக்கிரம்."

"ஆனா வந்துச்சு மிஸ்." பேனா முனை அந்த வார்த்தைக்கு மேலேயே நின்றது. "ரெண்டு தடவ பண்ணேன். டியூப மாத்திக்கூடப் பண்ணேன். ரெண்டு தடவையும் வந்துச்சு. ஒண்ணுதான் இருக்கும்னு தெரியும் மிஸ். தப்புன்னு போட்ருவாங்கன்னும் தெரியும். ஆனா கண்ணால பாத்துட்டு வரலேன்னு எப்படி எழுதறதுன்னு தெரியல."

அவள் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

அப்போதுதான் காலையில் காதில் விழுந்து உள்ளே போகாமல் வாசலிலேயே நின்ற அந்தக் கேள்வி உள்ளே வந்தது. போர் தண்ணி புட்ச்சு ஊத்திறட்டா. கிளியராத்தான் கீது. அதற்கு என்னுடைய "ம்ம்." அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். "அடிக்காத. இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன்.

அவள் நின்ற டேபிளின் வாஷ் பாட்டில். ஒரு புது டெஸ்ட் டியூப். சில்வர் நைட்ரேட் நாலு சொட்டு. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

முதல் சொட்டு இறங்கின இடத்திலிருந்து புகை மாதிரி ஒரு வெண்மை சுருண்டு விரிந்தது. இரண்டாவது, மூன்றாவது. டியூபுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கடல் மறைந்துபோனது. எனக்கு ஒரு நிமிஷம் பயமே போய்விட்டது என்றால் நம்புவீர்களா? அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜன்னலில் கோடாகத் தெரிகிற அதே கடல்தான். மணலுக்கடியில் மெல்ல மெல்ல ஊறி, தெருக்களுக்கும் வீடுகளுக்கும் கீழே நடந்து, நம் போரில் ஏறி, வாஷ் பாட்டிலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அலையில் புரண்ட குளோரைடு ஒன்றுகூட அழியவில்லை, தேயவில்லை. அழியாது, அணுக்களுக்கு வயசே ஆகாது, ஜோடி மட்டும்தான் மாறும். நேற்றுவரை சோடியத்தோடு சுற்றியது இன்றைக்கு வெள்ளியோடு சேர்ந்து என் கையில் வெள்ளையாக நிற்கிறது. எவ்வளவு அழகு. எவ்வளவு பெரிய தப்பு. இரண்டும் ஒரே டியூபில் இருந்தன.

அந்தப் பெண் கடலைப் பார்த்திருக்கிறாள். நான் அதை அடிக்கச் சொல்லிப் பேனா கொடுத்திருக்கிறேன்.

ரகுநாதன் சார் காபி டம்ளரோடு வாசலில் நின்றார். டியூபை நீட்டினேன். "உப்பே போடலை சார். வெறும் தண்ணி."

அவர் வாங்கிப் பார்த்தார். அம்மோனியா கேட்டார். விட்டார், அந்த வெண்மை கரைந்தது. சந்தேகமே இல்லை, குளோரைடு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மற்ற பேப்பர்களை எடுத்து, அந்த ஒரு சோதனையை மட்டும் தேடித் தேடிப் பார்த்தார். குளோரைடு உப்பு வந்த ஐந்து பேரையும் பவித்ராவையும் விட்டால் பதினாலு பேர். பாட்டில்களைச் சோதித்தேன். அதில் ஐந்து பேரின் பாட்டிலில் நல்ல தண்ணீர் இருந்தது, அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. மீதி ஒன்பது பேர் போர் தண்ணீர். ஒன்பது பேப்பரிலும் ஒரே வரி. குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.

"ஒன்பது பேரும் சோதனையே பண்ணலை" என்றார்.

அந்த வரியை எழுதவைத்தவள் நான்.

ஆனால் அந்த ஒன்பதில் ஒரு பேப்பரில் மட்டும் "வெண்மை நிற வீழ்" என்று பாதி எழுதி, அழுத்தி அடித்துவிட்டு, அதன்மேல் மாற்றம் ஏதுமில்லை என்று இருந்தது. ஐஸ்வர்யாவின் பேப்பர். வகுப்பில் முதல் ரேங்க். சார் அவளை உள்ளே கூப்பிட்டார். இன்னொரு டியூபில் அதே பாட்டில் தண்ணீரைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார்.

"இது வெறும் தண்ணிம்மா. இதுல சில்வர் நைட்ரேட் விடு. என்ன தெரியறது, சொல்லு."

அவள் விட்டாள். டியூபுக்குள் பால் போல வெளுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டியூபைப் பார்த்தாள்.

"மாற்றம் இல்லை சார்."

"நன்னாப் பாரும்மா."

"தண்ணில குளோரைடு வராது சார். மாற்றம் இல்லை."

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷ வேலையில் எனக்கு விழுந்த அடி அதுதான். பிற்பாடு வந்த மெமோ எல்லாம் தூசு. கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், கண்ணெதிரே வெள்ளையாக இருக்கிறது, இல்லை என்கிறாள். பொய் சொல்லவில்லை. என் மேல் இருந்த நம்பிக்கையில் சொல்கிறாள். நான் கொடுத்த நோட்டை நம்பி, தன் கண்ணை அடித்துவிட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு சார் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு மிஸ். ஒண்ணு, எதுவும் நடக்கலை. அந்தப் பொண்ணுக்கும் முழு மார்க் போட்டுடலாம். இல்லேன்னா, தண்ணி தப்புன்னு எழுதணும். அட்டெண்டர் போர் தண்ணி ஊத்திட்டான்னு எழுதிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஏழுமலை மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நான் கேட்டேன் மிஸ்" என்றான், அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

முதல் வழி எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பாருங்கள். நாலு மாதத்தில் ரிடையர்மென்ட். எல்லோருக்கும் முழு மார்க். ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லை. பவித்ராவுக்கு சீட்டும் கிடைக்கும். ஆனால் காரிடாரில் நிற்கிற அவளிடம் போய் நான் என்ன சொல்வேன்? நீ பார்த்தது தப்பு, ஆனாலும் மார்க் போட்டாச்சு என்றா? அவள் அதை நம்பிவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஐஸ்வர்யா நம்பியது போல அவளும் நம்பிவிடுவாள். அதற்கப்புறம் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து என்ன ஆகப்போகிறது?

"அவன் கேட்டான் சார், நான் ம்ம் சொன்னேன்" என்றேன். "தப்பு என்னுது. எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன். ஆனா மார்க் லிஸ்ட்ல சாயங்காலம்தானே சார் கையெழுத்து போடுவீங்க? அதுவரைக்கும் தேர்வு முடியலை. எல்லாரும் அந்த ஒரு சோதனையை நல்ல தண்ணில மறுபடி பண்ணட்டும். இங்கே, உங்க முன்னால. நோட்டு இல்லாம."

அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். ஹெச்.எம். சிஸ்டரிடம் போனார், யாருக்கோ போன் பண்ணிப் பேசினார், திரும்பி வந்து, "மத்தியான பேட்ச் முடியட்டும். நாலு மணிக்கு" என்றார். அவ்வளவு தூரம் அவர் செய்திருக்க வேண்டியதே இல்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது.

மத்தியான பேட்ச்சுக்கும் சேர்த்து, தண்ணீருக்கு எங்கே போவது? ஏழுமலைதான் சொன்னான். "பேட்டரி கடைல விப்பான் மிஸ், வண்டிக்கு ஊத்தறது." லஸ் பக்கம் போய் டப்பா டப்பாவாக டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தான். வந்தவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "இத்த மொதல்ல செக் பண்ணு மிஸ்" என்றான். பண்ணினேன். சுத்தமாக இருந்தது. அவனும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

அந்த இடைவேளையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தேர்வுக்கான தண்ணீரைச் சோதிக்காமல் வைத்தது என் தவறு, வேறு யாருக்கும் இதில் பொறுப்பில்லை என்று. மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், ஃபைலில் இருக்கும். உங்களில் யாராவது பழைய ஃபைலைப் புரட்டினால் என் கையெழுத்தைப் பார்க்கலாம். ஹெச்.எம். சிஸ்டர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிவு உபசார விழாவில் நான் கனவு காண்கிற கதையை மட்டும் சொல்லிச் சிரிக்கவைத்தார், இந்தக் கதையைச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். பவித்ராவுக்கு சீட் கிடைத்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் அம்மாவே வந்து சொன்னார். இப்போது இரண்டாம் வருஷம், நடந்தே போய் வருகிறாள். ஐஸ்வர்யாவும் நன்றாகத்தான் இருக்கிறாள். ரொம்ப நாள் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் நிறுத்தி, "தலை குனிய வேண்டியது நான்டி" என்றேன். அழுதாள். நானும்தான்.

உங்களுக்கு உபதேசம் பண்ணுகிற தகுதி எனக்கு இல்லை. கனவு காணாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாமல் இந்தப் பாடத்தை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களிடம் ஒருவர் கேள்வி கேட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு "ம்ம்" சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் பேப்பரில் விடை தப்பாக இருந்தால், அவளைத் திருத்துவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். இதுகூட உபதேசம் மாதிரி ஆகிவிட்டது, போகட்டும்.

அன்றைய நாலு மணியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வெயில் மேற்கே போய்விட்டது. சுவரில் நிறமெல்லாம் போய், லேபே சாம்பல் வெளிச்சத்தில் அமைதியாக இருந்தது. ஜன்னலில் கடல் மட்டும் இன்னும் மின்னியது. காலை பேட்ச் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சார் முதலில் பவித்ராவைக் கூப்பிட்டார். என்ன நடந்தது, ஏன் மறுபடி என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றியும் சொல்லவில்லை. சார்தான் சொல்லக் கூடாது என்று தடுத்திருந்தார்.

அவள் மேஜையில் மக்னீசியம் சல்பேட் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஒரு டியூபைக் கழுவினாள். வாஷ் பாட்டிலிலிருந்து தண்ணீரை மட்டும் பிடித்தாள். சில்வர் நைட்ரேட்டை எடுத்து நாலு சொட்டு விட்டாள். சீனியர் மிஸ் ரிடையரானபோது இவள் பிறந்திருக்கக்கூட மாட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, நானும்தான் சொல்லித்தரவில்லை. மத்தியானம் முழுக்கத் தூணோரம் நின்று யோசித்து அவளாகக் கண்டுபிடித்திருக்கிறாள். தான் பார்த்தது நிஜம் என்றால், தண்ணீரைத்தான் கேட்க வேண்டும் என்று.

டியூபைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். வழக்கம்போல நின்றாள். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டியூபுக்குள் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அதன் வழியாகக் கடல் சின்னதாக, இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும் அவளுக்கு.

அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"மாற்றம் எதுவும் இல்லை மிஸ்."

ஆயிரம் நோட்டில் நான் எழுதவைத்த வரி அது. பார்த்துவிட்டுச் சொன்ன ஒருத்தி வாயிலிருந்து அன்றைக்குத்தான் அதை முதல்முதலாகக் கேட்டேன்.